ஜகர்த்தாவில் தங்கம் வாங்கித் தந்த வாத்தியார்

1962-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி. இந்தோனேசியாவின் தலைநகரான ஜகர்த்தா.

ஆசிய விளையாட்டுப் போட்டியில் கால்பந்து இறுதி ஆட்டம். இந்தியாவும் தென் கொரியாவும் மோதின. ஏறத்தாழ 1 லட்சம் பேர் திரண்டு இருந்தார்கள். இந்திய வீரர்களைக் கண்டதுமே கூச்சல் போட்டார்கள்!

மைதானத்தின் ஓரத்தில் இந்தியாவின் பயிற்சியாளர் அமைதியாக நின்றார். அவர் பெயர் சையது அப்துல் ரஹீம்.

ரஹீம், 1909-ம் ஆண்டு ஐதராபாத்தில் பிறந்தார். பள்ளிக்கூட வாத்தியார். நன்றாகப் பந்து ஆடுவார். அதைவிட நன்றாக ஆடக் கற்றுக் கொடுப்பார். ஐதராபாத் போலீஸ் கோஷ்டிக்கு அவர் பயிற்சி கொடுத்தார். அந்தக் கோஷ்டி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 ஆண்டுகள் பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

எல்லோருக்கும் ஒரு கால்தான் பழக்கம். இன்னொரு கால் சும்மா இருக்கும். பழக்கம் இல்லாத அந்தக் காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்று ரஹீம் தனிப் பந்தயமே நடத்தினார்! பந்தைத் தானே வைத்துக் கொண்டு ஓடக்கூடாது, உடனே அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும் என்று இன்னொரு பந்தயம்.

புள்ளலூர் போன்ற கிராமங்களில், அறுவடை முடிந்த வயலில் வெறுங்காலோடு பந்து உதைப்பது சாதாரணம். ஆனால் இந்திய வீரர்கள் ஒலிம்பிக்கிலேயே அப்படி ஆடியவர்கள்தான். 1952-ல் ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக். பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். யுகோஸ்லாவியா 10 கோல் போட்டது. இந்தியா ஒன்றே ஒன்று போட்டது. அப்போதும் ரஹீம்தான் பயிற்சியாளர். எப்பேர்ப்பட்ட அவமானம்!

அதன் பிறகு பூட்ஸ் கட்டாயம் ஆயிற்று. ரஹீம் மனம் தளரவில்லை. 4 ஆண்டுகள் கழித்து மெல்போர்ன் ஒலிம்பிக்கில், ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று இந்தியா தோற்கடித்தது. நெவில் டிசூசா தனி ஒருவராக 3 கோல் போட்டார். இந்தியாவுக்கு 4-வது இடம் கிடைத்தது.

இனி ஜகர்த்தாவுக்கு வருவோம்.

இஸ்ரேலையும் தைவானையும் போட்டியில் சேர்க்க இந்தோனேசியா மறுத்துவிட்டது. இதை இந்திய அதிகாரி சோந்தி கண்டித்தார். அதனால் அங்குள்ள மக்களுக்கு இந்தியர் மீது கோபம். வீரர்கள் என்ன செய்வார்கள், பாவம்!

முதல் ஆட்டத்தில் இதே கொரியாவிடம் இந்தியா 0-2 என்று தோற்று இருந்தது. அடுத்து தாய்லாந்துடன் ஆடியபோது, தடுப்பு ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைந்தது. தையல் போட்டார்கள். கோல் காக்கும் பீட்டர் தங்கராஜுக்குக் காய்ச்சல். நீலகிரி வெலிங்டனில் உள்ள சென்னை ரெஜிமெண்டு கோஷ்டியில் ஆடிப் புகழ் பெற்றவர் அவர்.

ரஹீம் துணிந்து ஒரு காரியம் செய்தார். தலையில் கட்டுப் போட்ட ஜர்னைல் சிங்கைப் பின்னால் நிறுத்தாமல், கோல் போடும் இடத்துக்கு அனுப்பினார். அரை இறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக அவர் ஒரு கோல் போட்டார். இந்தியா 3-2 என்று வென்றது.

இறுதி ஆட்டம் தொடங்கியது. கூச்சலுக்கு நடுவே இந்தியாவுக்காகக் குரல் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள்!

17-வது நிமிடத்தில் பி.கே.பானர்ஜி கோல் போட்டார். 3 நிமிடம் கழித்து ஜர்னைல் சிங் இன்னொன்று போட்டார். கூச்சல் அடங்கியது. கடைசி நேரத்தில் கொரியா ஒரு கோல் போட்டது. அதற்கு மேல் தங்கராஜ் விடவில்லை. 2-1. தலைவர் சுனி கோஸ்வாமியின் கோஷ்டிக்குத் தங்கப் பதக்கம்!

அடுத்த 9 மாதத்தில், 1963 ஜூனில், ரஹீம் புற்றுநோயால் இறந்தார். அவருக்கு வயது 53. அவர் போன பிறகு, ஆசியப் போட்டிக் கால்பந்தில் இந்தியா தங்கம் வாங்கவே இல்லை.