மூன்று பெண்களின் மரணம் மாற்றிய வாழ்க்கை: வேலூரின் ஐடா ஸ்கடர்

மருத்துவர் அருகிலேயே இருந்தும் பிரசவ வேதனையில் பெண்கள் உயிரிழந்த காலம் தமிழகத்தில் இருந்தது. அந்த மரணங்களுக்கு நோய் மட்டுமே காரணமன்று. ஆண் மருத்துவர் முன்பு பெண்கள் வரலாகாது என்ற வழக்கமும் காரணமாயிற்று. அந்தத் தடையை நேரில் கண்டு, அதனை உடைப்பதற்கே வாழ்நாளை அளித்தவர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை (சிஎம்சி) நிறுவிய ஐடா சோபியா ஸ்கடர்.

அமெரிக்க மருத்துவ ஊழியர் குடும்பத்தைச் சேர்ந்த ஐடா, 1870 டிசம்பர் 9-ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். இவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-இல் இலங்கைக்கு வந்து மருத்துவப் பணி செய்தவர். 1876-78 பஞ்சத்தின் கொடுமையைக் குழந்தைப் பருவத்திலேயே கண்ட ஐடா, பின்னர் அமெரிக்காவில் கல்வி பயின்றார். இந்தியாவில் பணியாற்றும் எண்ணம் அப்போது அவருக்கு இருக்கவில்லை.

தாயாரின் உடல்நலக்குறைவு காரணமாக 1890-இல் திண்டிவனம் திரும்பினார். அங்கு ஒரே இரவில் மூன்று கணவர்கள் அடுத்தடுத்து அவருடைய வீட்டுக் கதவைத் தட்டினர். ஒருவர் அந்தணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றொருவரும் இந்து. மூவரின் மனைவியரும் பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தனர். மருத்துவரான தம் தந்தையை அனுப்புவதாக ஐடா கூறியும் அவர்கள் ஏற்கவில்லை. மருத்துவம் பயிலாத அவரால் உதவ இயலவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். மருத்துவம் பயில்வது என அவர் முடிவெடுக்க அந்த இரவே காரணமாயிற்று.

1899-இல் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற ஐடா, 1900-இல் வேலூரில் சிறிய அறை ஒன்றில் சிகிச்சை அளிக்கத் தொடங்கினார். நியூயார்க் வங்கியாளர் ஷெல், மறைந்த தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலர் நன்கொடையில், 1902-இல் 40 படுக்கைகளுடன் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது.

மரத்தடியில் மருத்துவம்

மருத்துவமனை கட்டியதோடு பணி முடிந்துவிடவில்லை. தொலைவு, கூலி இழப்பு, சாதி வேறுபாடு, அச்சம் ஆகியவை கிராம மக்களைத் தடுத்தன. எனவே ஐடா மக்களைத் தேடிச் சென்றார். முதலில் மாட்டுவண்டியிலும் பின்னர் மோட்டார் காரிலும் குடியாத்தம் சாலையில் பயணித்து, குறித்த இடங்களில் மரத்தடியிலேயே நோயாளிகளைப் பார்த்தார். மக்கள் வாழும் இடத்திற்கே சிகிச்சையைக் கொண்டு சென்ற இந்தச் சாலையோர மருத்துவ முகாம்கள், வேலூரில் சமுதாய நலப் பணிக்கு முன்னோடியாயின.

செவிலியர் கல்வி

இப்பணிக்கு ஒரு மருத்துவர் போதாது என உணர்ந்த ஐடா, 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அந்நியரின் இரத்தத்தையும் புண்ணையும் தொடுவது தாழ்வான வேலை எனக் கருதப்பட்ட காலம் அது. குடும்பத்துப் பெண்களை அப்பணிக்கு அனுப்பப் பலர் தயங்கினர். ஆயினும் பள்ளி வளர்ந்தது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கப்பட்டது. 1946-இல் செவிலியர் பயிற்சி பட்டப்படிப்பு நிலைக்கு உயர்ந்தது. இந்தியாவில் இப்படிப்பை முதன்முதலில் வழங்கிய நிறுவனங்களில் வேலூரும் ஒன்று.

ஐடா 1960 மே மாதம் கொடைக்கானலில் தமது 89-ஆம் வயதில் காலமானார். அவர் பயணித்த அதே குடியாத்தம் சாலையில் உள்ள கே.வி.குப்பத்தில், 1977-இல் சிஎம்சியின் ஊரக நல மையம் அமைந்தது. செவிலியர் கல்லூரியும் கிராமங்களிலும் குடியிருப்புகளிலும் சமுதாய நலப் பணியை மேற்கொள்கிறது.

ஐடா எதிர்கொண்ட தடைகள் வேறு வடிவில் இன்றும் தொடர்கின்றன. பெங்களூருவின் பீன்யா போன்ற தொழிற்பேட்டைகளில், மருத்துவமனை அருகிலேயே இருந்தாலும், ஒருநாள் கூலியை இழக்க இயலாத தினக்கூலித் தொழிலாளி நோயை மறைத்துக்கொண்டே வேலைக்குச் செல்கிறார். வேலை நேரம், குடிநீர், நெரிசலான வாடகை வீடு ஆகியவை அவருடைய உடல்நலத்தைத் தீர்மானிக்கின்றன. இவற்றை மருந்துச்சீட்டு காட்டாது. வீடு தேடிச் செல்லும் செவிலியரே அறிய முடியும். திண்டிவனத்தில் அந்த மூன்று பெண்களுக்குக் கிடைக்காமல் போனதும், வீட்டு வாசலைக் கடந்து உள்ளே வரக்கூடிய அத்தகைய ஒருவரின் உதவிதான்.