பட்டனை அழுத்தினார் சாராபாய்... ஒன்றுமே நடக்கவில்லை!

மாதக்கணக்கில் டீமே சேர்ந்து உழைத்த வேலை, பெரிய அதிகாரி முன்னால் செய்துகாட்டும் நாளில் சொதப்பிவிட்டால் உங்கள் ஆபீஸில் என்ன நடக்கும்? இதை யார் பண்ணினது என்றுதான் முதல் கேள்வி வரும், இல்லையா? விக்ரம் சாராபாய் கேட்டது வேற கேள்வி.

1919-ல் அகமதாபாத்தின் பெரிய ஜவுளி ஆலைக் குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தார். 28 வயதில், 1947-ல், இயற்பியல் ஆய்வுக்கூடம் தொடங்கினார். அடுத்த கனவு ராக்கெட். காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் கேரளாவின் தும்பா என்ற மீனவ கிராமம் தேர்வானது. அங்கிருந்த சர்ச்தான் ஆபீஸ். ராக்கெட் பாகம் சைக்கிளில் போகும் அந்த போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்!

1963 நவம்பர் 21-ல் அங்கிருந்து கிளம்பிய முதல் ராக்கெட், அமெரிக்கா கொடுத்தது. சொந்தமாகச் செய்ய வேண்டும் என்றார் சாராபாய். கையில் இருந்ததோ அனுபவம் குறைந்த இளைஞர்கள்.

ஒருமுறை தும்பா வந்தவரிடம், ராக்கெட்டின் மூக்குப் பகுதி தனியே கழன்று விழுவதைச் செய்துகாட்ட ஏற்பாடு. சாராபாய் பட்டனை அழுத்தினார். அசையவே இல்லை. டைமர் சர்க்யூட்டை வடிவமைத்த பிரமோத் காலேவும் அப்துல் கலாமும் ஆடிப்போனார்கள். டைமரைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைப்பு கொடுத்ததும் வேலை செய்தது.

அன்று இரவு கோவளம் ஹோட்டலுக்குக் கலாமை அழைத்தார் சாராபாய். திட்டு விழும் என்றுதானே நினைப்போம்? இல்லை. வேலையில் ஆர்வம் குறைந்துவிட்டதா, சவால் போதவில்லையா என்று பொறுமையாகக் கேட்டார். பேசப் பேசப் பிரச்னை பிடிபட்டது. பாகங்களை ஒன்றுசேர்த்துச் சரிபார்க்க ஒரே கூரையின் கீழ் இடமில்லை. அதற்காகவே ராக்கெட் பொறியியல் பிரிவைத் தொடங்க அன்றைக்கே முடிவெடுத்தார்.

பிறகு செயற்கைக்கோளை ஏவும் எஸ்.எல்.வி. திட்டம் வந்தது. அதன் நான்கு அடுக்குகளை கோவாரிகர், குருப், முத்துநாயகம், கலாம் என நால்வரிடம் பிரித்துக் கொடுத்தார். அதுவரை யாருமே இந்தியாவில் செய்யாத வேலை அது.

1971 டிசம்பர் 30-ல், 52 வயதில், அதே கோவளத்தில் சாராபாய் இறந்துபோனார். எஸ்.எல்.வி. 1979-ல் தோற்றது, 1980 ஜூலை 18-ல் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. அவர் இல்லாமலே டீம் ஜெயித்தது.

உங்களுக்குக் கீழே நாலு பேர் வேலை பார்க்கிறார்களா? அடுத்த முறை ஏதாவது சொதப்பினால், அவர்களுக்கு என்ன கிடைக்கவில்லை என்று முதலில் கேட்டுப் பாருங்கள். புதுசாக ஒன்றை முயற்சி செய்யும் தைரியம் அவர்களுக்கு அங்கேதான் வரும்.