நாவலர் பெருமானும் பிடியரிசித் தருமமும்

ஆண்டுதோறும் கார்த்திகை மாதத்து மக நட்சத்திரத்திலே நாவலர் குருபூசையைக் கொண்டாடுகின்றோம். திருவுருவப் படத்துக்கு மாலை சூட்டுகின்றோம். சைவத்தையும் தமிழையும் காத்தவர் என்று போற்றுகின்றோம். அவ்வளவும் தக்கதே. ஆயினும், அப்பெருமான் நடத்திய பாடசாலைகளுக்குப் பொருள் எங்கிருந்து வந்தது, உபாத்தியாயர்கள் எதனை உண்டார்கள் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த வரலாறு இளைஞராகிய நமக்கு மிகவும் வேண்டியது.

ஆறுமுகநாவலர் 1822ஆம் ஆண்டு மார்கழி 18ஆந் திகதி நல்லூரிலே பிறந்தார். தந்தையார் கந்தர், தாயார் சிவகாமியார். அறுவர் ஆண்மக்களுள் இவரே இளையவர். இளமையிலேயே தந்தையாரை இழந்தார். தமையன்மாரின் ஆதரவிலே வளர்ந்து, சரவணமுத்துப் புலவர், சேனாதிராச முதலியார் ஆகிய பெரும்புலவர்களிடம் தமிழ் கற்றார். யாழ்ப்பாணத்து வெசிலியன் மிசன் பாடசாலையிலே ஆங்கிலம் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்த்தபோது, அவருக்குத் துணையாயிருந்தவரும் இவரே. பிறர் நோக்கின் அது நல்ல உத்தியோகம்; மதிப்பான வாழ்வு.

அக்காலத்து நிலையை நாம் நேர்மையாக நோக்க வேண்டும். மிசனரிமார் 1814ஆம் ஆண்டு முதலாக இங்கு வந்து ஊர்கள்தோறும் பாடசாலை நிறுவினர். ஆங்கிலம் கற்றவனுக்கே கச்சேரியிலும் பிற இடங்களிலும் உத்தியோகம் கிடைத்தது. ஆகவே கல்வியும் பிழைப்பும் வேண்டிய சைவப் பிள்ளை அப்பாடசாலைகளையே நாட வேண்டியவனானான். அவற்றிலே நல்ல ஆசிரியர் இருந்தனர். நல்ல கல்வியும் இருந்தது. ஆனால் அக்கல்வியோடு மதமும் சேர்ந்து வந்தது. வறுமையின் காரணமாக ஒருவன் தன் சமயத்தை விட நேர்ந்தால், பழி அவனுடையதா, அவனுக்குக் கைகொடாத சமூகத்தினுடையதா? இவ்வினாவே நாவலர் வாழ்வைத் திருப்பியது.

1847ஆம் ஆண்டின் கடைசி நாளிலே, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே அவர் தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். பேச்சு மட்டும் போதாது என்பதை விரைவில் உணர்ந்து, 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே சம்பளம் தந்த உத்தியோகத்தையும் துறந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு நிறையவில்லை. இல்லறத்தையும் அவர் மேற்கொள்ளவில்லை. வாழ்நாள் முழுவதும் பிரமசாரியாகவே இருந்தார்.

வித்தியாசாலையிலே பிள்ளைகளிடம் சம்பளம் வாங்கப்படவில்லை. அரசினர் நன்கொடையும் நெடுங்காலம் கிடைக்கவில்லை. அவரிடம் கற்றவர்களும் நண்பர்களும் ஊதியம் கருதாது கற்பிக்க முன்வந்தனர். வண்ணார்பண்ணை வணிகர் சிலர் பொருளுதவினர். அதுவும் போதாதபோது ஊராரிடம் பிடியரிசி வாங்கப்பட்டது.

பிடியரிசி என்பது நம் பாட்டிமார் நன்கறிந்த வழக்கம். சோறு சமைக்க அரிசி அளக்கும்போது, வீட்டுக்காரி அதிலே ஒரு பிடியை எடுத்துப் புறம்பான பானையிலே போடுவாள். குறித்த நாளிலே வருகின்றவரிடம் அதனைக் கொடுப்பாள். ஒரு பிடி குறைவதனால் அவ்வீட்டிலே யாரும் பசித்திருப்பதில்லை. ஆனால் நூறு வீட்டார் நாள்தோறும் ஒவ்வொரு பிடி எடுத்து வைத்தால், ஒரு மாதத்திலே 3,000 பிடி சேரும். பெருஞ்செல்வர் ஒருவரின் கொடை அவர் மனம் மாறினால் நின்றுவிடும். பலர் கூடித் தரும் பிடியரிசி எளிதில் நிற்பதில்லை. இன்னுமொரு நன்மை உண்டு. அரிசி கொடுத்த ஏழைத் தாயும், அப்பாடசாலை என்னுடையது என்று சொல்லும் உரிமையைப் பெற்றாள்.

பாடசாலை இருந்தாற் போதுமா? படிக்கப் புத்தகம் வேண்டுமே. 1849ஆம் ஆண்டிலே நாவலர் அச்சியந்திரம் வாங்குதற்காகத் தமிழ்நாடு சென்றார். அப்பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கினர். திரும்பி வந்து, வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவி, பாலபாடங்களையும் சைவவினாவிடைகளையும் இலக்கண நூல்களையும் அச்சிட்டார். பெரியபுராணத்தை யாவரும் படிக்கத்தக்க வசனமாக எழுதி 1852ஆம் ஆண்டிலே வெளியிட்டார். 1864ஆம் ஆண்டிலே சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அதற்கும் ஊராரின் உதவியே முதலாயிருந்தது.

வெற்றியை மட்டும் சொல்லித் தோல்வியை மறைப்பது வரலாறாகாது. பிள்ளைகள் உத்தியோகம் பெறுதற்கு ஆங்கிலமும் வேண்டும் என்று கண்ட நாவலர், 1872ஆம் ஆண்டிலே சைவாங்கில வித்தியாசாலை ஒன்றைத் தொடங்கினார். அது சில ஆண்டுகளே நடந்து, பொருள்முட்டினால் நின்றுபோயிற்று. தலைவர் எத்துணைப் பெரியவராயினும், சமூகம் கைசோராது உதவினாலன்றி ஒரு தாபனம் நிலைபெறாது என்பதற்கு இதுவே சான்று. ஆயினும் அவர் இட்ட வித்து வீண்போகவில்லை. அவர் மறைந்தபின் 1888ஆம் ஆண்டிலே சைவபரிபாலன சபை தோன்றியது. 1890ஆம் ஆண்டிலே அச்சபையின் பொறுப்பில் வந்த பாடசாலையே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது.

1876ஆம், 1877ஆம் ஆண்டுகளிலே மழை பொய்த்தது. பஞ்சமும் வாந்திபேதியும் யாழ்ப்பாணத்தை வாட்டின. பசித்திருப்பவனுக்குப் புராணம் சொல்வதாற் பயனில்லை என்பதை நாவலர் அறிவார். கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தி ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார். துயர்தீர்ப்பதிலே அரசாங்க நிருவாகம் காட்டிய குறைகளை அஞ்சாது எடுத்தெழுதினார். கஞ்சி அன்றன்றைப் பசியைத் தீர்க்கும். தொழிலே என்றும் பசியைத் தீர்க்கும். ஆதலினால், திருகோணமலைப் பக்கத்து நிலங்களிலே கமஞ்செய்வதற்கென ஒரு கம்பனி அமைக்கவும் முன்னின்று உழைத்தார். 1879ஆம் ஆண்டு மார்கழி 5ஆந் திகதி தமது ஐம்பத்தாறாவது வயதிலே சிவபதமடைந்தார்.

பெரியோரைப் போற்றுகையில் அவர் காலத்தின் எல்லையையும் சொல்லவேண்டும். சாதியாசாரம் இறுகிக் கிடந்த காலம் அது. நாவலரும் அவ்வாசாரத்தைக் கைக்கொண்டவரே. ஆகவே அவர் மூட்டிய விளக்கின் ஒளி எல்லா வாசல்களுக்கும் ஒருசேரச் செல்லவில்லை. அடைபட்டிருந்த அவ்வாசல்களைத் திறப்பது பின்வந்தோர் கடமையாயிற்று. அக்கடமை இன்னும் முடிந்துவிட்டதென்று நெஞ்சில் கைவைத்து நம்மாற் சொல்ல முடியுமா? யாருக்கு உதவி என்று கேட்குமுன் எந்தக் குடி என்று கேட்பவன், பிடியரிசிப் பானையிலே கல்லைப் போடுகின்றவனாவான்.

1945ஆம் ஆண்டு முதலாக இந்நாட்டிலே கல்வி இலவசம். ஆயினும் பாடசாலைக்குச் செல்லும் வழிச்செலவும் கொப்பியும் இலவசமல்ல. பரீட்சையிலே சித்தியெய்தியும் பல்கலைக்கழகத்துக்குப் போக முதல்மாதச் செலவுக்கு வழியின்றித் தயங்கும் பிள்ளை நம் ஊரிலும் உண்டு. தொழில் பழக விரும்பியும், ஆயுதம் வாங்கப் பணமில்லாத வாலிபன் உண்டு. அவர்கள் நம்மிடம் வந்து கேட்கமாட்டார்கள். நாமே அறிந்து போகவேண்டும். கொடுப்பது வெளியிலே தெரியாதிருக்க வேண்டும். கணக்கு மட்டும் எல்லாருக்கும் தெரியவேண்டும்.

முதியோர்களே, உங்கள் வீட்டிலே அந்தப் புறம்பான பானையை மீண்டும் வையுங்கள். அரிசியாயினும் சில்லறையாயினும் சரி. இளைஞர்களே, வாரந்தோறும் வீடுவீடாகச் சென்று அதனைச் சேர்ப்பதற்கு வெட்கப்படாதீர்கள். பிறருடைய பிள்ளைகளுக்காகக் கையேந்தியவரின் குருபூசையைத்தான் நாம் கொண்டாடுகின்றோம். அடுத்த குருபூசைக்குமுன் ஒரு பிள்ளையாவது நம் பிடியரிசியினாற் படிப்பைத் தொடருமாயின், அதுவே அவருக்கு நாம் சூட்டும் வாடாத மாலையாகும்.