செவி கொடுத்த தளபதி

நுழையும் முன்

படைத்தலைவர் என்றதும் நம் மனக்கண்ணில் துப்பாக்கியும் பீரங்கியும் தோன்றுகின்றன. ஆயினும், ஆயிரக்கணக்கான வீரர்களை நடத்திச் செல்பவர் நாள்தோறும் கையாளும் கருவி அவருடைய பேச்சே. தம் கீழ்ப் பணிபுரிவோரின் குறையைக் கேட்டறிதல், செய்யவேண்டிய பணியைத் தெளிவுற எடுத்துரைத்தல், மனம் கலங்கியவரைத் தேற்றுதல் ஆகிய மூன்றும் அறிந்தவரே சிறந்த தலைவர் ஆவார். அத்தகைய தலைவர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடத்தில் காண்போம்.

மலைநாட்டு மைந்தர்

காப்பித் தோட்டங்கள் நிறைந்த குடகு நாட்டின் மடிக்கேரியில் 1906ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பிறந்தவர் கோதண்டேர சுப்பய்யா திம்மய்யா. வீட்டில் குடகு மொழி பேசி வளர்ந்த அச்சிறுவர், இளமையிலேயே பெற்றோரைப் பிரிந்து நீலகிரியிலுள்ள குன்னூரின் விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். பின்னர்ப் பெங்களூரிலும் டேராடூனிலும் பயின்றார். இங்கிலாந்தின் சாண்டர்ஸ்டு படைக்கல்லூரியில் பயிற்சி பெற்று, 1926ஆம் ஆண்டில் படை அதிகாரியானார்.

ஊர் மாறும்போதெல்லாம் மொழி மாறும். பழகும் மனிதர்களும் மாறுவர். தந்தையின் பணிமாற்றத்தால் பல ஊர்களைக் காணும் மாணவர்களுக்கு இந்நிலை புதிதன்று. திம்மய்யா தம் பள்ளிப் பருவத்திலேயே இவ்வாழ்க்கைக்குப் பழகினார். பின்னாளில் எவ்விடத்தும் எவரோடும் இயல்பாகப் பேசும் ஆற்றல் அவருடைய தனிச்சிறப்பாக விளங்கியது.

வீரர்களின் மொழி

திம்மய்யா சேர்ந்தது ஹைதராபாத் படைப்பிரிவு. இன்று அது குமாவோன் படைப்பிரிவு என வழங்குகிறது. இமயமலை அடிவாரத்துக் குமாவோனியரும், சமவெளியைச் சேர்ந்த ஜாட், அகீர் இனத்தவரும் அதில் பணியாற்றினர். அவர்களுள் எவருடைய தாய்மொழியும் திம்மய்யாவின் தாய்மொழி அன்று. அக்காலத்தில் படையின் பொதுமொழியாக உருது இருந்தது. ஒவ்வோர் அதிகாரியும் அதனைக் கற்றாக வேண்டும். வீரனின் மொழியை அறியாதவர் அவனுடைய துன்பத்தை அறிய இயலாது என்பதே அவ்விதியின் உட்பொருள்.

இந்தியப் படையில் ‘தர்பார்’ என்றொரு வழக்கம் உண்டு. குறித்த நாளில் படைப்பிரிவின் தலைவர் வீரர்கள் அனைவரையும் ஓரிடத்தில் அமரச் செய்வார். விடுப்பு கிடைக்கவில்லை, ஊரில் நிலத்தகராறு, உணவு சரியில்லை என எக்குறையையும் வீரர் எழுந்து நின்று கூறலாம். தலைவர் அதனைக் கேட்டு விடையளித்தல் வேண்டும். கட்டளைக்குக் கீழ்ப்படிவதே கடமையாகிய இடத்தில், வாய்திறந்து பேசவும் ஓர் இடம் வைத்திருந்தனர் முன்னோர். வீட்டைப் பற்றிய கவலை தீராத வீரனால் களத்தில் மனம் ஊன்றி நிற்க முடியாது. திம்மய்யா வளர்ந்தது இம்மரபிலேயாகும். வீரர்களும் உடன் பணியாற்றிய அதிகாரிகளும் அவரைத் ‘திம்மி’ என்று அன்புடன் அழைத்தனர்.

களத்தில் பெற்ற நம்பிக்கை

இரண்டாம் உலகப்போரின்போது, போர்முனையில் படைப்பிரிவுகளை நடத்தும் திறன் இந்திய அதிகாரிகளுக்கு உண்டா என ஆங்கிலேயர் பலர் ஐயுற்றனர். 1945ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பர்மாவின் அரக்கான் கடற்கரைப் பகுதியில், காங்கா என்னுமிடத்தில் கடும்போர் மூண்டது. அங்குப் போரிட்ட 51ஆவது பிரிகேடின் மூன்று படைப்பிரிவுகளுக்கும் இந்தியர்களே தலைமை தாங்கினர். திம்மய்யா, தோரட், சென் ஆகிய அம்மூவரும் வீரத்திற்கான உயர்விருது பெற்றனர். ஐயம் அகன்றது. பின்னர்த் திம்மய்யா போர்முனையில் ஒரு பிரிகேடுக்கே தலைமை ஏற்றார். அவ்வாறு தலைமை ஏற்ற முதல் இந்தியர் அவரே.

நாடு விடுதலை பெற்றபின், 1948ஆம் ஆண்டில் காஷ்மீர்ப் போரில் திம்மய்யா ஒரு டிவிஷனை நடத்தினார். லே நகரம் பகைவர் கைப்படும் நிலையில் இருந்தது. அங்கு விமானம் இறங்கத் தக்க ஓடுதளம் இல்லை. மணல்வெளியைச் செப்பனிட்டு ஒரு தளம் அமைத்திருந்தனர். விமானப்படைத் தளபதி மெகர் சிங் முதல் விமானத்தை ஓட்ட, திம்மய்யாவும் அதில் அமர்ந்து சென்று இறங்கினார்.

அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள், ஏறத்தாழ 11,500 அடி உயரமுள்ள ஜோஜிலா கணவாயில் டாங்கிகள் தோன்றின. அவ்வளவு உயரத்தில் டாங்கிகள் வரக்கூடும் எனப் பகைவர் கனவிலும் கருதவில்லை. அவற்றிற்கான பாதையைச் செப்பனிட்டவர்கள் மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியியல் படையினர். முன்சென்ற டாங்கியில் திம்மய்யா தாமே அமர்ந்திருந்தார். வீரர்களை அனுப்பும் இடத்திற்குத் தாமும் சென்றமையால், அவர் சொல்லை வீரர்கள் நம்பினர்.

வேலிக்குள் ஒரு சோதனை

திம்மய்யாவின் ஆற்றலுக்குப் பெருஞ்சோதனையாக அமைந்தது போர் முடிந்த ஒரு நாடு. 1953 ஜூலையில் கொரியப் போர் ஓய்ந்தது. ஆனால், பிடிபட்ட கைதிகளுள் பலர் தம் நாட்டிற்குத் திரும்ப மறுத்தனர். தென்தரப்பினரிடமிருந்த சீனரும் வடகொரியருமாக 22,600க்கும் மேற்பட்டோரும், வடதரப்பினரிடமிருந்த 359 பேரும் இவ்வகையினர். இவர்களைக் காக்கவும், திரும்பச் செல்வதா வேண்டாவா என்று அச்சமின்றி முடிவுசெய்ய வாய்ப்பளிக்கவும் ஐந்து நாடுகளின் ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. சுவீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோசுலோவாக்கியா ஆகியவற்றோடு இந்தியாவும் அதில் இடம்பெற்றது. ஆணையத் தலைவர் திம்மய்யா. கைதிகளைக் காத்த இந்தியப் படையின் தலைவர், காங்காவில் உடன் போரிட்ட தோரட்.

தென்கொரிய அரசு தன் மண்ணில் இந்தியப் படை கால்வைப்பதை விரும்பவில்லை. எனவே, இந்திய வீரர்கள் கப்பலிலிருந்து ஹெலிகாப்டர்கள் வழியே இருதரப்புக்கும் இடைப்பட்ட பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

ஒவ்வொரு கைதியிடமும் அவனது நாட்டுப் பேராளர் விளக்கமளிப்பர். அதன்பின் அவன் தன் விருப்பத்தைக் கூறலாம். எவரையும் வற்புறுத்தவோ அச்சுறுத்தவோ கூடாது. இதுவே உடன்படிக்கை. ஆனால், கைதிகளிடையே இருந்த தலைவர்கள் சிலர், ஊர் திரும்ப விரும்பியோரை அடக்கி ஒடுக்கினர். இரவில் வேலியேறிக் குதித்து இந்தியக் காவலரிடம் அடைக்கலம் புகுந்தோரும் உண்டு. விளக்கம் கேட்கக் கூடாரத்திற்கு வரவே பெருங்கூட்டம் மறுத்தது. கலவரங்களும் நேர்ந்தன. காவலர் சுட்டதில் கைதிகள் சிலர் உயிரிழந்தனர். ஒருமுறை இந்திய அதிகாரி ஒருவரையே கைதிகள் பிடித்து வைத்துக்கொண்டனர். தோரட் அக்கூட்டத்தின் நடுவே சென்று பொறுமையுடன் பேசி அவரை மீட்டார்.

கைதிகளைக் கூடாரத்திற்கு இழுத்துவர வேண்டும் என ஒருதரப்பு வற்புறுத்தியது. இழுத்துவர முயன்றால் நூற்றுக்கணக்கானோர் மடிவர் என்பதைத் திம்மய்யா உணர்ந்தார். வலிமையால் கொண்டுவரப்பட்டவன் கூறும் விடை அவனுடைய விருப்பம் ஆகாது. ஆகவே, அவர் அதற்கு இசையவில்லை. குறித்த காலம் முடிந்ததும் கைதிகளைத் தம் விருப்பப்படி விடுவிக்கவும் அவர் முற்படவில்லை. அத்தகைய அதிகாரம் ஆணையத்திற்குத் தனியே இல்லை எனக் கருதி, 1954 ஜனவரியில் அவர்களை முன்பு வைத்திருந்த தரப்பினரிடமே ஒப்படைத்தார். இருதரப்பும் அவரைக் குறைகூறின. ஆயினும், சில நூற்றுவர் தம் மனம் விரும்பியவாறு தாயகம் திரும்பினர். இருதரப்பும் வேண்டா என்ற 88 பேர் இந்தியப் படையுடன் நம் நாட்டிற்கு வந்தனர். அவ்வாண்டு திம்மய்யாவுக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது.

கடமையின் நிறைவு

1957 முதல் 1961 வரை திம்மய்யா இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக விளங்கினார். பாதுகாப்பு அமைச்சரோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1959இல் பதவி விலகல் கடிதம் அளித்தார். தலைமையமைச்சர் நேரு கேட்டுக்கொண்டமைக்கு இணங்க அதனைத் திரும்பப் பெற்றார். மேலுள்ளோர் செவிசாய்க்காதபோது, கீழுள்ளோருக்காகப் பேச வேண்டிய பொறுப்பும் தலைவருக்கு உண்டு என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

ஓய்வுக்குப்பின் ஐக்கிய நாடுகள் அவையின் அழைப்பை ஏற்று, 1964இல் சைப்பிரஸ் தீவில் அமைதிப்படைக்குத் தலைமை ஏற்றார். கிரேக்கரும் துருக்கியரும் பகைத்து நின்ற அத்தீவில் பணியாற்றிக்கொண்டிருந்தபோதே, 1965 டிசம்பர் 18ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். அவரது உடல் பெங்களூரில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் நினைவாகச் சைப்பிரஸ் அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

சொற்பொருள்

ஐயம் – சந்தேகம்
அடைக்கலம் – புகலிடம்
பேராளர் – பிரதிநிதி
இசைதல் – உடன்படுதல்
தாயகம் – பிறந்த நாடு

பயிற்சி

1. ‘தர்பார்’ என்னும் வழக்கத்தால் வீரர்கள் பெறும் பயன் யாது?
2. ஜோஜிலாவில் திம்மய்யா முன்சென்ற டாங்கியில் அமர்ந்தது வீரர்களிடம் எத்தகைய எண்ணத்தை உண்டாக்கியிருக்கும்?
3. கொரியாவில் கைதிகளை வற்புறுத்தத் திம்மய்யா மறுத்தது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் பத்து வரிகளில் எழுதுக.
4. செய்து பார்: உம் வகுப்புத் தோழர் ஒருவர் தம் குறையைக் கூறும்போது இடைமறியாமல் கேட்க. கேட்டதை உம் சொற்களில் அவரிடமே திரும்பக் கூறி, சரிதானா என வினவுக.