கிரயப் பத்திரம் எழுத மறுத்தவர்

அமெரிக்கா ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த காலம். நியூ ஜெர்சியில் மவுண்ட் ஹோலி என்ற சிற்றூர்க் கடையொன்றில் கணக்கெழுதி வந்தார் ஜான் வுல்மன். 1720இல் குடியானவர் வீட்டில் பிறந்தவர். குவேக்கர் என்னும் கிறித்தவ சபையைச் சேர்ந்தவர். ஒருநாள் கடை முதலாளி தம்மிடமிருந்த கறுப்பினப் பெண் ஒருத்தியை விற்றுவிட்டு, கிரயப் பத்திரம் எழுதுமாறு அவரைப் பணித்தார். வாங்குபவர் காத்திருந்தார், அவரும் அதே சபையின் முதியவர். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இளைஞர் என்ன செய்வார்? எழுதினார். ஆயினும் அடிமை வைத்திருப்பது கிறித்தவ நெறிக்கு ஒவ்வாதது என்று இருவரிடமும் அங்கேயே சொல்லிவிட்டார். சொல்லியும் அவர் நெஞ்சு ஆறவில்லை. பின்னர் வேறொருவர் அத்தகைய பத்திரம் கேட்டபோது எழுத மறுத்தார்.

நோயுற்ற அண்டை வீட்டார் ஒருவருக்கு உயில் எழுதும்போதும் இதே சிக்கல் வந்தது. அடிமைப் பெண்ணைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிட்டு, எழுதியதற்குக் கூலியும் வேண்டாமென்றார். பகைமை பாராட்டாமல் காரணத்தை எடுத்துரைத்தார். இறுதியில் அப்பெண்ணை விடுவிக்க நோயாளி இசைந்தார், உயிலும் முடிந்தது.

பின்னாளில் அவரே தொடங்கிய கடை செழித்தது. செழித்ததே அவருக்குக் கவலையாயிற்று! வாடிக்கையாளர்களை வேறு கடைகளுக்கு அனுப்பிவிட்டுத் தையல் தொழிலோடும் பழத்தோட்டத்தோடும் நின்றுகொண்டார்.

1757இல் தென்பகுதிகளில் பயணம் செய்தார். அடிமைகள் உழைக்கும் வீடுகளில் விருந்துண்டு வாளாவிருக்க அவரால் முடியவில்லை. புறப்படும்போது அவ்வேலையாட்களுக்கென வெள்ளிக் காசுகள் கொடுத்தார். வாங்கத் தயங்கிய வீட்டுக்காரர்கள் உண்டு. கொடுப்பது அவருக்கும் எளிதாயிருக்கவில்லை. அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரையையும் விலக்கினார். சாயம் அழுக்கை மறைக்கிறதென்று சாயமிடாத உடையே அணிந்தார். இது சற்று மிகையென்று நமக்குத் தோன்றலாம். அவருடைய நண்பர் சிலருக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவர்களே அவர் பேச்சுக்குச் செவிசாய்த்தார்கள். அடிமை வைத்திருப்போரை வீடுதோறும் சென்று கண்டு பேச 1758இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் குழு அமைத்தது. அதில் அவரும் ஒருவர். 1776இல் அதே கூட்டம் அடிமை வைத்திருப்போரை உறுப்பினராக ஏற்பதில்லை என்று முடிவு செய்தது.

அதைக் காண அவர் இல்லை. 1772இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர், அலங்கார அறையை விடுத்து மாலுமிகளோடு கீழ்த்தளத்தில் பயணம் செய்தார். விரைவு வண்டிகளில் குதிரைகளும் வண்டிச் சிறுவர்களும் படும் பாட்டை அறிந்து, அந்நாட்டில் நடந்தே சென்றார். யார்க் நகரில் பெரியம்மை கண்டு, அக்டோபர் 7ஆம் நாள் காலமானார். ஓக் மரம் வேறு வேலைகளுக்கு உதவும், தமக்கு ஆஷ் மரத்தில் எளிய பெட்டி போதும் என்று முன்பே சொல்லியிருந்தார். அடக்கச் செலவுக்குத் தம் உடைகளையே விட்டுச் சென்றார்.