குருதியுறவும் வளர்ப்புறவும்: இயக்குநர் ஏ. பீம்சிங்கின் திரைவாழ்வு

திருத்தணியும் திருப்பதியும் 1960 வரை ஒரே மாவட்டத்தில் இருந்த ஊர்கள். அன்றைய சித்தூர் மாவட்டம் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில், பல வேளைகளில் ஒரே வீட்டில், புழங்கிய நிலப்பகுதி. ம. பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், அதன் பின்னர் வந்த படாஸ்கர் தீர்ப்பு, 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டம் ஆகியவற்றின் விளைவாக 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. திருப்பதி ஆந்திரத்தில் நின்றது. அதே 1959இல்தான் ‘பாகப்பிரிவினை’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று கூறுவது ஆய்வாகாது. ஆயினும் அப்படத்தின் இயக்குநர் திருப்பதிப் பகுதியில் பிறந்து, தமிழ்க் குடும்பத்தின் திரைவடிவத்தை வேறெவரினும் அழுத்தமாக வகுத்தவர் என்பது எல்லையோர ஊரிலிருந்து எழுதுகிறவர் எளிதில் கடந்துவிடக் கூடிய செய்தியன்று.

ஏ. பீம்சிங் 1924 அக்டோபர் 15இல் பிறந்தார். ராஜபுத்திரக் குடிவழியும் தெலுங்குச் சூழலும் கொண்ட குடும்பம் அவருடையது. தமிழ் அவர் வந்து சேர்ந்த மொழி. தொழிலால் தமதாக்கிக்கொண்ட மொழி. திரைத்துறையில் அவர் கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையரிடம் உதவியாளராகப் பயின்றார். அவ்விருவருள் பஞ்சு தேர்ந்த படத்தொகுப்பாளர். பீம்சிங்கின் பயிற்சியும் படத்தொகுப்பு மேசையில்தான் தொடங்கியது. இதனை ஒரு வாழ்க்கைக் குறிப்பாக மட்டும் கொள்ளாமல் அவர் கலையின் திறவாகக் கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. குடும்பப் படம் என்பது உரையாடலால் நடப்பது என்று நாம் நம்பிவிட்டோம். பீம்சிங்கின் படங்களில் பேசுபவர் முகத்தைவிடக் கேட்பவர் முகமே மிகுதியாகப் பொருள் தருகிறது. யார் பேசும்போது யாரைக் காட்டுவது, எத்தனை நொடி காட்டுவது என்னும் முடிவு தொகுப்பாளருக்குரியது. பிற்காலத்தில் ஏ. பால் துரைசிங்கம், ஆர். திருமலை ஆகியோரைத் துணைக்கொண்டு தம் படங்கள் பலவற்றின் படத்தொகுப்பைத் தாமே மேற்கொண்டார். இயக்குநராக உயர்ந்த பின்னும் அந்த மேசையை அவர் விட்டு எழவில்லை.

அவர் இயக்கிய முதற்படம் ‘அம்மையப்பன்’ (1954). கதை, உரையாடல் மு. கருணாநிதி. ஏறத்தாழ அதே கதைப்போக்குடைய ‘சுகம் எங்கே’ என்னும் படமும் அவ்வாண்டு திரைக்கு வந்தமையால் ‘அம்மையப்பன்’ எடுபடவில்லை. அடுத்து வந்த ‘ராஜா ராணி’ (1956) படத்திற்கும் கருணாநிதியே எழுதினார். சாக்ரடீசும் சேரன் செங்குட்டுவனும் நாடகக் காட்சிகளாக இடம்பெற்ற அப்படத்தில் எழுத்தாளரின் குரலே ஓங்கி ஒலிக்கிறது; இயக்குநரின் குரல் இன்னும் கேட்கவில்லை. அக்குரல் ‘பதிபக்தி’யில் (1958) தொடங்கி, ‘பாகப்பிரிவினை’யில் உறுதிப்பட்டது. பகரத்தில் தொடங்கும் தலைப்புகளின் வரிசையும் இங்கிருந்தே நீள்கிறது. திரைத்துறையினர் இதனை இராசி என்றனர். ஆய்வாளருக்கு அத்தலைப்புகளின் பொருளே முதன்மையானது: பாகம், பாவம், பாசம், பந்தம், பசி. இவை அனைத்தும் ஒரு வீட்டுக்குள் ஒருவருக்கு என்ன உண்டு, என்ன இல்லை என்பதைப் பேசும் சொற்கள்.

‘பாகப்பிரிவினை’ ஜி. என். வேலுமணியின் சரவணா பிலிம்ஸ் தயாரிப்பு. எம். எஸ். சோலைமலை உரையாடல் எழுதினார். கையும் காலும் முடங்கிய கண்ணையனாகச் சிவாஜி கணேசன் நடித்தார். கூட்டுக்குடும்பம் உடைகிறது, நிலமும் வீடும் பங்காகின்றன. உழைக்க இயலாதவன் எனக் கருதப்பட்டவனே குடும்பத்தின் அறமாக நிற்கிறான். தமிழில் சிறந்த படத்துக்கான குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் இதற்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த ‘களத்தூர் கண்ணம்மா’ ஏவி. எம். தயாரிப்பு. டி. பிரகாஷ்ராவ் தொடங்கி இடையில் விலகிய அப்படத்தைப் பீம்சிங் ஏற்று முடித்தார். பெற்றோர் உயிரோடிருந்தும் அநாதை இல்லத்தில் வளரும் சிறுவனாகக் கமல்ஹாசன் அறிமுகமானார். அதே 1960இல் வந்த ‘படிக்காத மேதை’ வங்கத்திலிருந்து பெற்ற கதை. ஆசாபூர்ணா தேவியின் ‘ஜோக் பியோக்’ அதன் மூலம். பெற்றோரற்ற ரங்கன் தன்னை வளர்த்த செல்வக் குடும்பத்துக்கு வேலைக்காரனைப் போலவும் மகனைப் போலவும் உழைக்கிறான். செல்வம் சரியும்போது வீட்டைவிட்டு வெளியேற்றப்படுபவன் அவனே. வெளியே நின்றும் அவ்வீட்டைத் தாங்குபவனும் அவனே.

இவ்விடத்தில் ஒன்று சுட்டத் தகும். இப்படங்கள் குருதியுறவைப் போற்றுபவை என்றே பெரும்பாலும் வகைப்படுத்தப்பட்டுள்ளன. கதைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அவ்வகைப்பாடு நிற்கவில்லை. ‘பாவ மன்னிப்பு’ (1961) பீம்சிங்கின் சொந்த நிறுவனமான புத்தா பிக்சர்ஸ், ஏவி. எம். நிறுவனத்தோடு இணைந்து தயாரித்த படம். ஒரு கட்டளையை நிறைவேற்றும் நிலையில் இல்லாமல், தாமே பொறுப்பேற்று அவர் தேர்ந்த கதை எதுவென்று அறிய இப்படமே தக்க சான்று. இந்துவாகப் பிறந்து இசுலாமியரிடம் வளர்ந்த ரகீம் ரகீமாகவே வாழ்கிறான். அவன் முகத்தில் அமிலம் வீசச் செய்யும் வைர வணிகர் ஆளவந்தார்தான் அவனைப் பெற்றவர் என்பது பின்னர் தெரிகிறது. பெற்றவர் அழிக்கிறார், வளர்த்தவர்கள் காக்கின்றனர். எம். ஆர். ராதாவின் ஆளவந்தார் வேடத்தை வில்லன் வேடம் என்று கடந்துவிடுகிறோம். குருதியுறவு தன்னளவில் அறமாகாது என்னும் வாதத்தின் உருவம் அது. இந்திய அளவில் இரண்டாவது சிறந்த படத்துக்கான தகுதிச் சான்றிதழ் இதற்கு வழங்கப்பட்டது. ‘பார் மகளே பார்’ (1963) இவ்வாதத்தை இன்னும் கூர்மையாக்கியது: மருத்துவமனையில் இரு பெண்குழந்தைகள் கலந்துவிட, இரண்டையும் தன் மக்களென வளர்த்த குலப்பெருமை மிக்க ஜமீன்தாருக்கு எது தன் குருதி என்னும் கேள்வி நஞ்சாகிறது.

‘பாசமலர்’ மட்டும் விதிவிலக்காகத் தோன்றும். கே. பி. கொட்டாரக்கரா கதைக்குப் பீம்சிங் திரைக்கதை அமைக்க, ஆரூர்தாஸ் உரையாடல் எழுதினார். ராஜசேகரனும் ராதாவும் உடன்பிறந்தவர்கள். அவர்களது பாசமே படம். எனினும் தொழிற்சாலைக் கூலியாளான அண்ணன் வேலையிழந்த நாளில் அவனைத் தொழிலதிபனாக்குவது தங்கை பொம்மை செய்து சேர்த்த பணம். அவர்கள் உறவு பிறப்பால் மட்டும் அமைந்ததன்று, உழைப்பால் கட்டப்பட்டது. செல்வம் வந்தபின், மணவழி உறவும் சொத்தும் குறுக்கிட்டபின், அது சிதைகிறது. சிவாஜியும் சாவித்திரியும் ஒருவர் முகத்தை ஒருவர் காணும் காட்சிகளில் ஜி. விட்டல்ராவின் ஒளிப்பதிவும் மேற்சுட்டிய தொகுப்பு முறையும் பெரிதும் துணைபுரிகின்றன. இப்படம் கண்ணீருக்காகவே நினைக்கப்படுவது ஒருவகையில் அதற்கு நேர்ந்த குறை.

நடிகர் தேர்வும் கருதத்தக்கது. சாவித்திரி, எஸ். வி. ரங்காராவ், கண்ணாம்பா, நாகையா எனத் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோர் பலர் இப்படங்களில் தமிழ்க் குடும்பத்தின் தாயாகவும் தந்தையாகவும் தங்கையாகவும் நிலைபெற்றனர். அன்றைய சென்னைத் திரைத்துறையின் இயல்பு அது. ஆயினும் வளர்ப்பால் மக்களாவதைப் பேசிய கதைகளுக்கு அது பொருந்தி அமைந்ததை நோக்காமல் இருக்க இயலவில்லை.

குறையும் சொல்லியாக வேண்டும். இவ்வீடுகளின் அமைதிக்குப் பெண்களே பெரும்விலை கொடுத்தனர். ‘பாலும் பழமும்’ (1961) படத்தில் மருத்துவரின் மனைவி சாந்தி, காசநோய் கண்டதும், கணவனின் புற்றுநோய் ஆய்வு தடைப்படலாகாது என்று விலகிச் செல்கிறாள். மறுமணம் செய்துகொண்டு பார்வையும் இழந்த அவனுக்குச் செவிலியாகத் திரும்புகிறாள். தன் வீட்டில் தானே பணியாளாக நடமாடும் அந்நிலையைப் படம் தியாகம் என்கிறது. அது உரிமை மறுப்பு என்று சொல்ல அன்றைய பீம்சிங்குக்குத் துணிவில்லை என்றே கூறத் தோன்றுகிறது.

1962 முதல் அவர் இந்தியிலும் இயங்கினார். ‘களத்தூர் கண்ணம்மா’ ‘மைன் சுப் ரகூங்கி’ ஆயிற்று, ‘பாசமலர்’ ‘ராக்கி’, ‘பாகப்பிரிவினை’ ‘கான்தான்’ (1965). கான்தானில் நடித்த சுனில்தத் பிலிம்பேர் சிறந்த நடிகர் விருது பெற்றார். ‘ஆத்மி’, ‘கோபி’ ஆகியவற்றில் திலீப்குமாரை இயக்கினார். தெலுங்கு, மலையாளப் படங்களும் உண்டு. இக்காலப் பணியில் மறுஆக்கமே மிகுதி. புதிதாகச் சொல்ல அதிகமில்லை.

மீண்டும் தமிழுக்கு வந்து அவர் எடுத்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ (1977) திறனாய்வாளர்களால் அவருடைய பிற படங்களினின்று பிரித்தே வைக்கப்படுகிறது. சாகித்திய அக்காதெமி பரிசு பெற்ற தம் புதினத்துக்கு ஜெயகாந்தனே திரைக்கதை எழுதினார். கருப்பு வெள்ளைப் படம். சிவாஜி போன்ற பெருநடிகர் எவரும் இல்லை. லட்சுமி, ஸ்ரீகாந்த், நாகேஷ் நடித்தனர். மழைநாளில் முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறிய மாணவி கங்கை, நடந்ததைத் தாயிடம் சொல்கிறாள். தாயின் கதறலால் ஊரறிய, அண்ணன் அவளை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். பிரித்து வைப்பவர்கள் கவனிக்கத் தவறியது இதுதான்: ரங்கனும் வெளியேற்றப்பட்டவனே. வளர்ப்பு மகனை வெளியேற்றிய வீடு அவன் நற்குணத்தால் மீண்டது. பெற்ற மகளை வெளியேற்றிய வீடு மீளவில்லை. மீட்கும் கடமையும் கங்கைக்கு விதிக்கப்படவில்லை. அவள் படிக்கிறாள், அதிகாரியாகிறாள், தனக்கு யார் உறவு என்பதைத் தானே முடிவுசெய்ய முயல்கிறாள். சாந்திக்கு மறுக்கப்பட்ட உரிமை அது. 1959இல் எழுப்பிய வினாவை அவர் கைவிட்டுவிடவில்லை. முன்பு தாம் தந்த விடையையே கைவிட்டார். இப்படத்துக்காக லட்சுமி சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்றார்.

அடுத்து ஜெயகாந்தனின் ‘ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்’ புதினத்தை எடுத்துக்கொண்டார். அது 1978இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஜனவரி 16ஆம் நாள், 53ஆம் வயதில், பீம்சிங் காலமானார். அவருடைய மக்களுள் பி. கண்ணன் ஒளிப்பதிவாளரானார், பி. லெனின் தந்தை தொழில் பயின்ற அதே படத்தொகுப்பு மேசைக்கு வந்தார்.