சிறைக்கதவும் ஆட்சிப்பீடமும்
கானா நாட்டுத் தலைவர் நிக்ருமாவின் வரலாறு

அடிமைத்தளையை அறுப்பது அரிய செயல். அறுத்த பின் கிடைத்த அதிகாரத்தைப் பிறர் நோகாமல் கையாள்வது அதனினும் அரிய செயல். இவ்வுண்மைக்குச் சான்றாக நிற்பது கானா நாட்டின் முதல் தலைவர் குவாமே நிக்ருமாவின் வாழ்க்கை.

மேற்கு ஆப்பிரிக்காவில், அந்நாளில் 'கோல்டு கோஸ்ட்' என வழங்கிய பிரிட்டிஷ் காலனியில், நிக்ரோபுல் என்னும் சிற்றூரில் 1909ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையார் பொற்கொல்லர். தாயாருக்கு இவர் ஒரே மகன். ஆசிரியப் பணி புரிந்த பின்னர், 1935இல் அமெரிக்கா சென்று லிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கையில் காசில்லை, தெருவில் மீன் விற்றும், சோப்புத் தொழிற்சாலையில் உழைத்தும், கப்பலில் ஏவல் வேலை பார்த்தும் கற்றார். வறுமையை வென்று கல்வி பெற்ற அவர் வாழ்வு மாணவர்களாகிய நமக்கு ஓர் அரிய பாடமன்றோ!

தாயகத்தில் கல்வியாளர் சிலர் ஓர் அரசியல் கட்சி தொடங்கினர். அதற்குச் செயலாளர் தேவைப்பட்டபோது, நிக்ருமாவின் பெயரைச் சொன்னவர் அவருடைய நண்பர் அக்கோ அட்ஜெய். 1947 இறுதியில் நிக்ருமா நாடு திரும்பினார். 1948 பிப்ரவரி 28 அன்று, கோரிக்கை மனுவுடன் அணிவகுத்துச் சென்ற முன்னாள் படைவீரர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, மூவர் மாண்டனர். நாடு கொதித்தெழுந்தது. நிக்ருமா, அட்ஜெய், வழக்கறிஞர் டான்குவா உள்ளிட்ட அறுவர் கைது செய்யப்பட்டனர்.

படித்தவர்களின் நிதானம் நிக்ருமாவுக்குப் போதவில்லை. 1949இல் பிரிந்து, எளிய மக்களைத் திரட்டித் தனிக்கட்சி கண்டார். காந்தியடிகளின் அறவழியைப் பின்பற்றி 1950இல் வேலைநிறுத்தப் போராட்டம் நடத்திச் சிறை புகுந்தார். சிறையில் இருந்தபடியே 1951 தேர்தலில் நின்று, பதிவான 23,122 வாக்குகளில் 22,780 பெற்றார்! ஆளுநர் அவரை விடுவித்து அரசமைக்க அழைத்தார். 1957 மார்ச் 6 அன்று கானா விடுதலை பெற்றது. 1960இல் அது குடியரசாகியது. நிக்ருமா அதன் தலைவரானார்.

பள்ளிகள் பெருகின. வோல்டா ஆற்றின் குறுக்கே அக்கோசம்போ அணை எழுந்தது. அணிசேரா நாடுகளின் மாநாட்டில் நேரு, நாசர், டிட்டோ, சுகர்ணோ ஆகியோருடன் நிக்ருமாவும் ஒருவராக நின்றார்.

ஆனால், விசாரணையின்றி ஐந்தாண்டு வரை சிறை வைக்கும் சட்டம் 1958இலேயே வந்துவிட்டது. அன்று உடன் சிறை சென்ற டான்குவா, 1965இல் நிக்ருமாவின் சிறையிலேயே உயிர் நீத்தார். பெயரைப் பரிந்துரைத்த அட்ஜெயும் 1962இல் கைதானார். 1964இல் கானா ஒரே கட்சி நாடானது. கோக்கோ விலை வீழ்ந்தது, கடன் ஏறியது, மக்கள் மனம் கசந்தது.

1966 ஜனவரியில் அணையைத் திறந்து வைத்தார். அடுத்த மாதமே, அவர் சீனா சென்றிருந்த வேளையில், படையினர் ஆட்சியைக் கவிழ்த்தனர். அதன் பின்னரே அட்ஜெய்க்குச் சிறைக்கதவு திறந்தது. நிக்ருமா கினி நாட்டில் அடைக்கலம் புகுந்தார். 1972இல் ருமேனியாவில் மறைந்தார். தாய்மண்ணை மீண்டும் மிதிக்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

இன்று தலைநகர் அக்ராவில், விடுதலையை அவர் அறிவித்த திடலிலேயே அவருடைய நினைவிடம் அமைந்துள்ளது. மக்கள் அவர் தந்த விடுதலையை மறக்கவில்லை. டான்குவாவின் மரணத்தையும் வரலாறு மறக்கவில்லை. நாளைய பொறுப்புகளை ஏற்கப் போகும் நாம் இவ்விரண்டையும் சேர்த்தே நினைவில் கொள்வோமாக!